தொட்டில் பருவமும் கொழுப்பும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

"கொழுப்பு" என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு முகங்கள் உண்டு. வளர்ந்த ஒருவன் வரம்பு மீறிப் பேசினால் "வாய்க்கொழுப்பு" என்கிறோம். செல்வந்தன் செருக்கித் திரிந்தால் "பணக்கொழுப்பு" என்கிறோம். ஆனால் தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக் கண்டாலோ, "கொழுகொழுவென்று இருக்கிறானே!" என்று கன்னத்தைக் கிள்ளி மகிழ்கிறோம். பெரியவரிடம் இருந்தால் வசை. குழந்தையிடம் இருந்தால் வாழ்த்து!

இந்த இரண்டு கொழுப்புக்கும் இடையே தொடர்பு ஏதேனும் உண்டா? பால் குடிக்கும் பருவத்தில் உண்ட கொழுப்பு, பிற்காலத்தில் உடலில் சேரும் கொழுப்பைத் தீர்மானிக்கிறதா? விலங்கியல் அறிஞர்களும் உணவியல் அறிஞர்களும் எலியையும் சுண்டெலியையும் குரங்கையும் துணைக்கொண்டு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வியை ஆராய்ந்து வருகின்றனர்.

நம்மிடையே இதுபற்றி இரண்டு கட்சிகள் இருக்கின்றன. "குழந்தை எவ்வளவு கொழுக்கிறதோ அவ்வளவு நல்லது" என்பது பழைய கட்சி. "கொழுப்பென்றாலே நோய், குழந்தையின் கிண்ணத்திலிருந்தும் அதை நீக்கிவிடு" என்பது அண்மையில் தோன்றிய, அரைகுறையாகப் படித்தவர்களின் கட்சி. விலங்குகளிடம் நடந்த ஆய்வுகளைப் படித்துப் பார்த்தால் இரண்டு கட்சியும் தோற்கின்றன என்பதே என் கருத்து. இளம் பருவத்தில் கொழுப்பின் அளவை மட்டும் கேட்பது போதாது. எந்தக் கொழுப்பு, எந்த வடிவில், எந்த வயதில், எதனுடன் சேர்ந்து என்று கேட்க வேண்டும். அதற்குரிய சான்றுகளை இக்கட்டுரையில் காண்போம்.

கொழுப்பு பகையா?

முதலில் கொழுப்பின் மீது சுமத்தப்பட்ட பழியைத் துடைப்போம். ஒரு கிராம் மாவுப்பொருள் 4 கிலோ கலோரி ஆற்றல் தருகிறது. ஒரு கிராம் கொழுப்போ 9 கிலோ கலோரி தருகிறது. சிறிய வயிறும் பெரும் பசியும் கொண்ட குட்டிக்கு இதைவிடச் சிக்கனமான உணவு எது? அதனால்தான் இயற்கை பாலில் கொழுப்பை வைத்தது.

ஆனால் எல்லாப் பாலிலும் ஒரே அளவாக வைக்கவில்லை. குதிரைப் பாலில் கொழுப்பு 2 விழுக்காட்டை ஒட்டியே உள்ளது. பசும்பாலிலும் தாய்ப்பாலிலும் ஏறத்தாழ 4 விழுக்காடு. எருமைப்பாலில் 7 விழுக்காடு. எலிப்பாலில் 10 விழுக்காட்டுக்கும் மேல். வட அட்லாண்டிக் கடலின் பனிப்பாளத்தின் மேல் ஈனும் தொப்பிச் சீல் என்னும் கடல் விலங்கின் பாலிலோ ஏறத்தாழ 60 விழுக்காடு கொழுப்பு! பனிப்பாளம் எந்நேரம் உடையுமோ தெரியாது. ஆகவே அந்தத் தாய் நான்கே நாள் பாலூட்டுகிறது. அந்த நான்கு நாளில் 22 கிலோ எடையுள்ள குட்டி இருமடங்காகிவிடுகிறது. அதற்குத் தோலடிக் கொழுப்பே போர்வை, அதுவே கட்டுச்சோறு.

பிறக்கும்போதே கொழுப்போடு பிறப்பதிலும் விலங்குகளுக்குள் வேற்றுமை உண்டு. இங்கிலாந்து நாட்டு அறிஞர் எல்சி விட்டோசன் அம்மையார், பல விலங்குகளின் புதிதாய்ப் பிறந்த குட்டிகளை வேதியியல் முறையில் ஆராய்ந்து 1950-இல் முடிவுகளை வெளியிட்டார். மனிதக் குழந்தையின் எடையில் 16 விழுக்காடு கொழுப்பு; கினிப்பன்றிக் குட்டியில் 10 விழுக்காடு; பூனைக்குட்டியிலும் முயல்குட்டியிலும் 2 விழுக்காடு; பன்றிக்குட்டியிலும் எலிக்குட்டியிலும் வெறும் 1 விழுக்காடு. "கொழுத்த பன்றி" என்று வைகிறோமே, அந்தப் பன்றி பிறக்கும்போது எலும்பும் தோலுமாகத்தான் பிறக்கிறது. கொழுகொழுவென்று பிறப்பவன் மனிதன்தான்! இந்தக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். எலியைப் பார்த்து மனிதனைப் பற்றிப் பேசலாமா என்ற கேள்வி எழும்போது இது மீண்டும் தேவைப்படும்.

எலிகள் சொன்ன கதை

இதே விட்டோசன் அம்மையாரும் அவருடன் பல்லாண்டு பணியாற்றிய ராபர்ட் மெக்கான்ஸ் என்பவரும் எளிமையான சோதனை ஒன்றைச் செய்தனர். ஒரே நாளில் பிறந்த எலிக்குட்டிகளைக் கலந்து, ஒரு தாயிடம் மூன்றே குட்டிகளை விட்டனர். மற்றொரு தாயிடம் பதினைந்து முதல் இருபது குட்டிகளை விட்டனர். மூன்று குட்டிகளுக்கு வயிறு முட்டப் பால்; இருபது குட்டிகளுக்கு இழுபறி. மூன்று வாரம் கழித்துப் பால் மறந்ததும் எல்லாவற்றுக்கும் விரும்பிய அளவு உணவு கொடுத்தனர்.

குறைவாகப் பால் குடித்தவை பின்னர் நன்றாகத் தின்று ஈடு செய்துகொள்ளும் என்றே யாரும் நினைப்பர். ஆனால் அவை ஈடு செய்யவில்லை. வாழ்நாள் முழுவதும் சிறியனவாகவே இருந்தன. இதற்கு மாறாக, வளர்ந்த பிறகு சில வாரம் பட்டினி போட்டு மீண்டும் உணவளித்த எலிகள் பழைய வளர்ச்சிப் பாதையை எட்டிப் பிடித்தன. பட்டினி ஒன்றுதான், அது வந்த வயது வேறு. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நம் முன்னோர் கேட்ட கேள்விக்கு எலிக்கூண்டில் விடை கிடைத்தது.

அடுத்து, 1968-இல் நியூயார்க் நகரின் ராக்பெல்லர் பல்கலைக் கழகத்தில் ஜெரோம் நிட்டில், ஜூல்ஸ் ஹிர்ஷ் என்னும் இருவர் இந்தச் சோதனையைக் கொழுப்பின் பக்கம் திருப்பினர். ஒரு தாயிடம் 4 குட்டிகள். மற்றொரு தாயிடம் 22 குட்டிகள். எலிக்கு இருப்பதோ 12 முலைக்காம்புகள். 22 குட்டிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள்! பின்னர் இருவகை எலிகளுக்கும் தாராளமாக உணவளித்து, வயிற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள கொழுப்புத் திசுவை எடுத்துச் செல்களை எண்ணினர். நால்வராக வளர்ந்த எலிகளில் கொழுப்புச் செல்கள் பெரியனவாக இருந்ததோடு எண்ணிக்கையிலும் அதிகமாக இருந்தன.

இது அக்காலத்தில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. கொழுப்புச் செல் என்பது ஒரு பானை போன்றது. பானையில் இருக்கும் பொருளைக் குறைக்கலாம். ஆனால் குட்டிப் பருவத்தில் வனைந்து வைத்த பானைகளின் எண்ணிக்கையைப் பின்னர் குறைக்க இயலாது. வெறும் பானைகள் நிரப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே கொழுத்த குழந்தை கொழுத்த மனிதனாகும் என்று பலர் முடிவு கட்டினர்.

பானைகளின் எண்ணிக்கை

அறிவியலின் பெருமையே ஒரு முடிவை அடுத்த ஆய்வு தட்டிக் கேட்பதில்தான் உள்ளது. 1978-இல் இர்விங் பாஸ்ட் என்பவரும் அதே ஹிர்ஷும் அவர்தம் தோழர்களும் ஒரு முடிவை வெளியிட்டனர். முழு வளர்ச்சியடைந்த எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த சுவையான உணவைத் தொடர்ந்து கொடுத்தபோது, அந்த வயதிலும் கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை கூடியது. தாம் கட்டிய கொள்கையின் ஒரு பக்கத்தைத் தாமே இடித்த ஹிர்ஷின் நேர்மையை இங்குப் பாராட்டத்தான் வேண்டும்.

பபூன் குரங்குகள் வேறொன்றைக் காட்டின. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்து 1986-இல் வெளியான ஆய்வு அது. பபூன் குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுத்தனர்; சிலவற்றுக்கு நீர்த்த பால், சிலவற்றுக்கு இயல்பான பால், சிலவற்றுக்கு அடர்ந்த பால். பால் மறந்தபின் எல்லாவற்றுக்கும் ஒரே உணவு. ஐந்து வயதில் பார்த்தபோது, அடர்ந்த பால் குடித்த பெண் குரங்குகளின் உடலில் கொழுப்பு மிகுதியாக இருந்தது. ஆனால் அதற்கு முதன்மைக் காரணம் செல்களின் எண்ணிக்கை அன்று, அவற்றின் பருமன். ஆண் குரங்குகளிடம் விளைவு அவ்வளவு தெளிவாக இல்லை. ஆகவே குட்டிப் பருவத்து உணவு தன் தடத்தைப் பதித்தது உண்மை. பதித்த முறை எலியிலிருந்து வேறுபட்டது.

மனிதரைப் பற்றிய விடை 2008-இல் சுவீடனிலிருந்து வந்தது. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வான்வெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 மிகுந்தது. அது பயிர்களில் ஏறி, உணவில் ஏறி, மனிதச் செல்களின் டி.என்.ஏ.விலும் ஏறியது. கிர்ஸ்டி ஸ்பால்டிங் அம்மையாரும் அவர் குழுவினரும் இந்தக் கார்பனை அளந்து கொழுப்புச் செல்களின் வயதைக் கணக்கிட்டனர். ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு கொழுப்புச் செல்கள் இறக்கின்றன. அதே அளவு புதியன பிறக்கின்றன. மொத்த எண்ணிக்கையோ குழந்தைப் பருவத்திலும் இளமைப் பருவத்திலும் அமைந்துவிடுகிறது. அதன்பின் பெரும்பாலும் மாறுவதில்லை. அறுவை மருத்துவத்தால் எடையைப் பெரிதும் குறைத்தவர்களிடமும் செல்கள் சுருங்கினவே அன்றிக் குறையவில்லை. அழிவுக்காக வெடித்த குண்டு, அறிவுக்கும் ஒரு கடிகாரமாகப் பயன்பட்டது!

இதனால் நாம் பெறும் முதற்பாடம், பருத்த உடலுடையவரைப் பார்த்து "தின்று கொழுத்தவர்" என்று நகைக்க நமக்கு உரிமையில்லை என்பது. அவர் உடலின் கணக்கில் ஒரு பகுதி அவர் பேசக் கற்பதற்கு முன்பே எழுதப்பட்டது. வகுப்பறையிலும் விடுதியிலும் உடலைச் சொல்லிப் பட்டப்பெயர் வைப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கொழுப்பைக் குறைத்தால் என்ன ஆகும்?

மேற்கூறிய சோதனைகளில் ஒரு குறை உண்டு. குட்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் கொழுப்பு மட்டுமா கூடுகிறது? புரதமும் சர்க்கரையும் எல்லாமே கூடுகின்றன. கொழுப்பை மட்டும் தனியே பிரித்துச் சோதிப்பது எப்படி?

அமெரிக்காவின் பபலோ பல்கலைக் கழகத்தில் முல்சந்த் படேல் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் இதற்கு வழி கண்டனர். பிறந்து நான்கு நாளான எலிக்குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, வெதுவெதுப்பான நீரில் மிதக்கும் ஒரு கிண்ணத்தில் விட்டு, மெல்லிய குழாய் வழியே வயிற்றுக்குள் நேராகப் பால் செலுத்தினர். இதனால் குட்டி உண்பதை ஆய்வாளரே முடிவு செய்யலாம். இயற்கையான எலிப்பாலில் ஆற்றலின் 68 விழுக்காடு கொழுப்பிலிருந்து வருகிறது. மாவுப்பொருளிலிருந்து 8 விழுக்காடே வருகிறது. இவர்கள் தயாரித்த பாலில் கொழுப்பை 20 விழுக்காடாகக் குறைத்து, மாவுப்பொருளை 56 விழுக்காடாக உயர்த்தினர். புரதத்தை மாற்றவில்லை. மொத்தக் கலோரியையும் கூட்டவில்லை.

கொழுப்புதான் கொழுப்பை வளர்க்கும் என்றால் இந்தக் குட்டிகள் மெலிந்திருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. விரைவிலேயே அவற்றின் இரத்தத்தில் இன்சுலின் உயர்ந்தது. இருபத்து நான்காம் நாளுக்குப்பின் சாதாரண எலியுணவுக்கு மாறிய பிறகும் அந்த உயர்வு நீங்கவில்லை. வளர்ந்தபோது அவை பருத்தன. எலிப்பாலைப் போன்ற கொழுப்பு மிகுந்த பாலைக் கிண்ணத்திலேயே குடித்து வளர்ந்த மற்றக் குட்டிகளுக்கு இந்த நிலை நேரவில்லை. இன்னும் வியப்பான செய்தி: மாவுப்பால் குடித்து வளர்ந்த பெண் எலிகள் தாயானபோது, அவற்றின் குட்டிகள் இயற்கையான பாலையே குடித்தும் பிற்காலத்தில் பருத்தன.

என்னைப் பொறுத்தவரை, இந்தத் துறையில் மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய சோதனை இதுவே. பால்குடிப் பருவத்துக் குட்டியின் கணையம் கொழுப்பை எதிர்பார்த்து அமைந்தது. அதற்கு மாவையும் சர்க்கரையையும் கொட்டினால், தனக்குரிய வயதுக்கு முன்பே இன்சுலினை அள்ளித் தரப் பழகிவிடுகிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் அன்றோ? கொழுப்பை நீக்கிய இடம் வெற்றிடமாக இருப்பதில்லை. அங்கு வேறொன்று வந்து அமர்கிறது. வந்து அமர்வது எது என்று கேளாமல் கொழுப்பை மட்டும் துரத்துவது அறிவுடைமை ஆகாது.

எந்தக் கொழுப்பு? எந்த வடிவம்?

கொழுப்பு அவசியம் என்றால், எந்தக் கொழுப்பும் நன்றா? அதுவும் இல்லை. பிரான்சு நாட்டின் நீஸ் நகர ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற சுண்டெலிகளுக்கும் பாலூட்டும் சுண்டெலிகளுக்கும் லினோலியிக் அமிலம் மிகுந்த கொழுப்பைக் கொடுத்தனர். சூரியகாந்தி எண்ணெயிலும் சோள எண்ணெயிலும் மிகுதியாக உள்ள அமிலம் இது. அவற்றின் குட்டிகள் பருத்தன. அதே உணவில், ஆளிவிதையிலும் கடுகெண்ணெயிலும் உள்ள ஆல்பா லினோலெனிக் அமிலத்தையும் சேர்த்தபோது குட்டிகள் அவ்வாறு பருக்கவில்லை. முன்னதிலிருந்து உடலில் உண்டாகும் ஒரு பொருள், இளம் செல்களைக் கொழுப்புச் செல்களாக மாறத் தூண்டுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். 2010-இல் அதே குழுவினர், முன்னது மிகுந்தும் பின்னது குறைந்தும் உள்ள உணவைச் சுண்டெலிகளுக்கு நான்கு தலைமுறை கொடுத்துப் பார்த்தனர். தலைமுறைக்குத் தலைமுறை கொழுப்பு படிப்படியாகக் கூடியது.

வடிவம் பற்றிய ஆய்வு இன்னும் புதுமையானது. தாய்ப்பாலில் கொழுப்பு, சராசரி 4 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள சிறு உருண்டைகளாக மிதக்கிறது; ஒவ்வோர் உருண்டையையும் பாஸ்போலிப்பிடாலான மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. பால்மாவில் கொழுப்பு 1 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த துகள்களாக உடைக்கப்பட்டிருக்கும். அந்தச் சவ்வும் இராது. 2012-இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு பிரிவுச் சுண்டெலிக் குட்டிகளுக்குச் சிறு துகள்களையும் மற்றொரு பிரிவுக்குச் சவ்வு போர்த்த பெரிய உருண்டைகளையும் உணவில் கொடுத்தனர். பின்னர் இரு பிரிவுக்கும் கொழுப்பு மிகுந்த ஒரே உணவு. பெரிய உருண்டைகளை உண்டவை வளர்ந்தபின் குறைவாகவே கொழுத்தன. பால்மாவு தயாரிக்கும் தொழிலைச் சேர்ந்த ஆய்வாளர்களும் இதில் பங்கு கொண்டனர் என்பதைச் சொல்லிவிடுவதே முறை. அவ்வகை ஆய்வைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். எனினும், கொழுப்பின் அளவு மாறாமலே வடிவம் மட்டும் மாறினாலும் பலன் மாறக்கூடும் என்பது எண்ணத் தக்க செய்தி.

எலியும் மனிதனும்

"எலிக்கு நடந்தது மனிதனுக்கும் நடக்குமா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. முன்பு சொன்ன கணக்கை இங்கு எடுத்துக்கொள்வோம். எலிக்குட்டி 1 விழுக்காடு கொழுப்போடு, கண் திறவாமல், மயிரில்லாமல் பிறக்கிறது. மனிதக் குழந்தை தாய் வயிற்றில் கடைசி மாதங்களில் அடையும் வளர்ச்சியில் ஒரு பகுதியை எலி பிறந்த பிறகே அடைகிறது. 1994-இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் ஹார்மோன் இதற்கு நல்ல சான்று. கொழுப்புச் செல்களில் சுரந்து, "இருப்பு போதும்" என்று மூளைக்குச் செய்தி சொல்வது இது. பிறந்த சுண்டெலியில் இது வேறொரு வேலையும் செய்கிறது என்று 2004-இல் கண்டனர். பசியை ஆளும் ஹைப்போதலாமஸ் பகுதியின் நரம்பு இணைப்புகள் வளர இது துணை நிற்கிறது. சுண்டெலியில் அந்த இணைப்புகள் பிறந்தபின் முதல் இரண்டு வாரத்தில் அமைகின்றன. மனிதரில் பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே அமைந்துவிடுகின்றன. ஆகவே எலியின் நாட்காட்டியை அப்படியே மனிதனின் சுவரில் மாட்ட முடியாது.

ஆனால் நாட்காட்டி வேறானாலும் விதி ஒன்றாக இருக்கலாம். வரலாறே நடத்திய கொடிய சோதனை ஒன்று இதற்குத் துணை நிற்கிறது. 1944–45 குளிர்காலத்தில், போரின் விளைவாக நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் பஞ்சம் வந்தது. அக்காலத்தையொட்டிப் பிறந்த 3 இலட்சம் ஆண்களைப் பத்தொன்பது வயதில் படைத்தேர்வுக்குச் சோதித்த குறிப்புகளைக் கொண்டு 1976-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கருவின் முதற்பாதியில் பஞ்சத்துக்கு உள்ளானவர்களிடம் உடற்பருமன் அதிகமாகக் காணப்பட்டது. கருவின் கடைசி மாதங்களிலும் பிறந்த தொடக்க மாதங்களிலும் உள்ளானவர்களிடம் குறைவாகக் காணப்பட்டது. ஒரே பஞ்சம், வந்த வயதால் எதிரெதிர் விளைவு!

நம் நாட்டுச் செய்தியும் உண்டு. புனே நகரை அடுத்த சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்துக் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2003-இல் வெளிவந்தது. நம் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. தசையிலும் உறுப்புகளிலும் மெலிந்திருந்த நம் குழந்தைகள், தோலடிக் கொழுப்பில் மட்டும் அவ்வளவாகப் பின்தங்கவில்லை. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு மறைந்திருக்கிறது. "ஒல்லியான குழந்தைதானே, எதைக் கொடுத்தாலும் சதை பிடிக்கும்" என்ற எண்ணம் இதனால் ஆட்டம் காண்கிறது.

உணவுக் கொழுப்பைப் பற்றி நேரடியாகவே ஒரு குறிப்பு பிரான்சிலிருந்து 2013-இல் வந்தது. குழந்தைகள் சிலரை இருபது வயது வரை தொடர்ந்து கவனித்த சிறிய ஆய்வு அது. இரண்டு வயதில் கொழுப்புக் குறைந்த உணவு உண்டவர்களிடம் இருபது வயதில் உடற்கொழுப்பு மிகுதியாகக் காணப்பட்டது. சிறிய ஆய்வு, இதைக் கொண்டு சட்டம் எழுத இயலாது. ஆயினும் பபலோ நகரின் கிண்ணத்தில் வளர்ந்த எலிகள் சொன்ன சொல்லோடு இது ஒத்துப்போகிறது.

நாம் செய்யத் தக்கவை

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர், வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். நானும் அப்படியே. நாம் படித்தது என்ன என்று வீட்டில் கேட்டால், எலிக்கூண்டின் கதையைச் சொல்லி என்ன பயன் என்று தயங்க வேண்டாம். அக்காளின் குழந்தைக்கும் அண்ணன் குழந்தைக்கும் என்ன ஊட்டுகிறார்கள் என்று பாருங்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்; அதன்பின் இணை உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தாய்ப்பாலின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கொழுப்பிலிருந்தே வருகிறது. அதை விட்டு இறங்கும் குழந்தைக்கு நம் ஊர்களில் பெரும்பாலும் கிடைப்பது என்ன? நீர்த்த கஞ்சி, தேநீரில் நனைத்த பிஸ்கட்டு, சர்க்கரை தூக்கலாகக் கலந்த மாவுப்பானம். கொழுப்பிலிருந்து மாவுக்கு ஒரே தாவல்! அந்தக் கஞ்சியில் ஒரு கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ சேர்க்கவும், பிசைந்த பருப்பும் முட்டையும் மீனும் ஊட்டவும் சொல்வோமே! "அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு" என்பதையும் கூடவே சொல்வோம். குழந்தை போதும் என்று முகத்தைத் திருப்பினால் அதோடு விட்டுவிட வேண்டும். அடர்ந்த புட்டிப்பாலை வற்புறுத்தி ஊட்டிய பபூன் நமக்கு முன்மாதிரி அன்று.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பால்மாற்று உணவுகளை விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003-ஆம் ஆண்டுத் திருத்தமும் தடை செய்கின்றன. இப்படி ஒரு சட்டம் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. தாய்க்கு உடல்நலம் இல்லாத இடத்தில் புட்டிப்பால் உயிர் காக்கும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தேவை என்ன என்பதை மருத்துவர் சொல்ல வேண்டுமே தவிர, விளம்பரம் சொல்லக் கூடாது.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பாடத்தில் கொழுப்புத் திசு "சேமிப்புக் கிடங்கு" என்னும் அளவில் நின்றுவிடுகிறது. அது ஹார்மோன் சுரப்பது, இளமையில் உருவாவது, தாயின் உணவால் மாறுவது ஆகியவற்றுக்கும் ஒரு வகுப்பு ஒதுக்க வேண்டும். செய்முறை வகுப்பிலும் ஓர் எளிய சோதனையைச் சேர்க்கலாம். கறந்த பசும்பால், எருமைப்பால், பைகளில் விற்கும் பால், கரைத்த பால்மாவு ஆகிய நான்கிலும் ஒவ்வொரு சொட்டு எடுத்து, கொழுப்பைச் சிவப்பாகக் காட்டும் சூடான் சாயம் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். கறந்த பாலில் உருண்டைகள் தெளிவாக உருளும். ஆலையில் உடைத்த பாலில் அவை மணலினும் நுண்மையாய்த் தெரியும். எந்த உயிரையும் அறுக்க வேண்டியதில்லை. செலவும் சில ரூபாய்தான். தாய்ப்பாலுக்கும் தகரப் பாலுக்கும் உள்ள வேற்றுமையை இவ்வாறு கண்ணால் கண்ட மாணவர், அதைத் தம் ஊரில் பத்துப் பேருக்காவது சொல்வார்.

எலிக்குட்டிக்குப் பால் மறக்க மூன்று வாரம். மனிதக் குழந்தைக்கு இரண்டு ஆண்டு. அந்தக் குறுகிய காலத்தில் ஊட்டியது நெடுங்காலம் உடலில் நிற்கிறது. அக்காலத்தில் குழந்தையைக் கொழுக்க வைக்கவும் வேண்டாம். கொழுப்பைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். பாலைத் தந்த இயற்கையின் கணக்கைப் படித்து, அதற்கு ஒத்த உணவை ஊட்டுவோம். படித்ததை வீட்டுக்கும் ஊருக்கும் கொண்டு செல்வோம்!